இலவச ஆலோசனையின் விலை: தொண்டு நிறுவனங்களும் தன்னார்வ வல்லுநர்களும்

1. கேள்வி எங்கிருந்து எழுகிறது

தமிழ்நாட்டின் ஏதேனும் ஒரு மாவட்டத்தில் இயங்கும் சிறிய அறக்கட்டளையின் ஓராண்டு வேலையை வரிசைப்படுத்திப் பார்த்தால், அதன் செயலாளர் செய்யும் வேலைகளில் பெரும்பங்கு அவர் ஒருநாளும் கற்காத துறைகளைச் சேர்ந்தது. வருமான வரிச் சட்டத்தின் கீழ் பெற்ற அறநிறுவனப் பதிவைக் காலாவதியாகும் முன் புதுப்பிக்க வேண்டும். நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் சான்றையும் அவ்வாறே. வெளிநாட்டு நன்கொடை பெறுவதென்றால் புதுதில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் கணக்கு வைத்து, ஆண்டுதோறும் கணக்கறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) நிதியைக் கேட்டுப் போனால் திட்ட முன்மொழிவு, பட்ஜெட், பயன் அளவீடு என்று வேறொரு மொழியே பேச வேண்டியிருக்கிறது. பள்ளியைவிட்டு நின்ற பிள்ளைகளைத் தேடிப் போவதற்காகவோ, தெருவில் திரியும் மனநோயாளிகளுக்கு ஓர் இல்லம் நடத்துவதற்காகவோ பொதுவாழ்வுக்கு வந்தவர், ஐந்தாறு ஆண்டுகளில் தன் பகல்பொழுதில் பெரும்பகுதியைக் கணினிக்கு முன்னால் கழிப்பதைக் காண்கிறோம்.

இந்தத் திறன் பற்றாக்குறையைத் தீர்க்க மூன்று வழிகள் உண்டு. தகுதியான ஆளைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கட்டணம் கொடுத்து ஆலோசகரை அமர்த்தலாம். பணம் வாங்காமல் உதவ முன்வரும் வல்லுநரை ஏற்றுக்கொள்ளலாம். முதல் இரண்டு வழிகளையும் நன்கொடையாளரின் மனப்போக்கும் சட்டமும் சேர்ந்தே குறுக்கிவிட்டன. 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், பெறும் நிதியில் 50 விழுக்காடு வரை நிர்வாகச் செலவுக்கு இடமளித்திருந்தது. 2020 செப்டம்பரில் வந்த திருத்தம் அதை 20 விழுக்காடாகக் குறைத்தது. அச்சட்டத்தின் விதிகளில் நிர்வாகச் செலவு எது என்று வகுத்திருக்கும் பட்டியலில், மேலாண்மைப் பணியாளர் சம்பளத்தோடு சட்ட, தொழில்முறைக் கட்டணங்களும் இடம்பெறுகின்றன. ஆக, ஆலோசகருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் வாடகைக்கும் மின்கட்டணத்துக்கும் கணக்காளர் சம்பளத்துக்கும் போட்டியாக நிற்கிறது. மூன்றாவது வழியைப் பற்றிப் பேச்சு பெருகியிருப்பதற்கு இந்த நெருக்கடியும் ஒரு காரணம்.

பணம் வாங்காத ஆலோசகரால் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது? எந்தச் சூழலில் அது நிலைக்கிறது, எந்தச் சூழலில் வீணாகிறது, எப்போது கெடுதலாகவும் முடிகிறது? இக்கட்டுரை இந்தக் கேள்விகளை எடுத்துக்கொள்கிறது. என் வாதம் இது: கிடைக்கும் பயன், வருகின்ற வல்லுநரின் திறமையைக் காட்டிலும், அத்திறமையை வாங்கித் தன்னிடம் தக்கவைத்துக்கொள்ளக்கூடிய ஓர் ஆள் நிறுவனத்துக்குள் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது. அந்த ஆளுக்கு நேரமும் வேண்டும், முடிவெடுக்கும் அதிகாரமும் வேண்டும்.

2. இதுவரை வந்தடைந்த புரிதல்கள்

தொண்டுத் துறையின் பலவீனங்களைப் பற்றிய விவாதத்தில் அமெரிக்க ஆய்வாளர் லெஸ்டர் சாலமன் 1987இல் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. சந்தை தோற்கும் இடம் இருப்பதைப் போலவே தொண்டுத் துறை தோற்கும் இடங்களும் உண்டு என்றார் அவர். நிதிப் போதாமை, தன்னவர்க்கு மட்டும் உதவும் குறுகல், கொடுப்பவரே எல்லாம் தீர்மானிக்கும் போக்கு ஆகியவற்றோடு அவர் சேர்த்த நான்காவது குறை, தொழில்முறைத் திறனின்மை. நல்லெண்ணத்தை மட்டும் வைத்துக்கொண்டு கடினமான சமூகச் சிக்கலைக் கையாள முடியாது என்பது அதன் சாரம். தன்னார்வ ஆலோசனைக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் எல்லோரும், அறிந்தோ அறியாமலோ, இந்த நான்காவது குறையையே சுட்டுகிறார்கள்.

ஆன் காகின்ஸ் கிரிகரியும் டான் ஹோவர்டும் 2009இல் ஸ்டான்ஃபோர்டு சோஷியல் இன்னோவேஷன் ரிவியூ இதழில் எழுதிய கட்டுரை, அந்தத் திறனின்மை எங்கிருந்து வருகிறது என்று கேட்டது. நிர்வாகத்துக்கு எவ்வளவு செலவாகும் என்பதில் நன்கொடையாளர் நடைமுறைக்கு ஒவ்வாத எதிர்பார்ப்பு வைக்கிறார். நிறுவனம் அதற்கேற்பத் தன் செலவைச் சுருக்குகிறது, அல்லது குறைத்துக் காட்டுகிறது. குறைத்துக் காட்டிய கணக்கைப் பார்த்து எதிர்பார்ப்பு இன்னும் இறங்குகிறது. இந்தப் பட்டினிச் சுழலில் முதலில் அடிபடுவது கணக்குப் பிரிவும் கணினியும் பணியாளர் பயிற்சியும்தான். இப்பார்வையில் திறனின்மை தொண்டுத் துறையின் பிறவிக் குணமாகத் தோன்றவில்லை. வெளியிலிருந்து திணிக்கப்பட்டதாகத் தோன்றுகிறது. சாலமனையும் இவர்களையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு ஒரு சங்கடமான கேள்வி எழும்: கொடுக்க வேண்டிய பணத்தைக் கொடுக்காமல் இருப்பதற்கான சாக்காகத் தன்னார்வ ஆலோசனை ஆகிவிடுகிறதா? கட்டுரையின் கடைசிப் பகுதியில் இதற்குத் திரும்புகிறேன்.

ஆலோசனை என்னும் செயலையே ஆராய்ந்தவர்களில் எம்.ஐ.டி. பேராசிரியராக இருந்த எட்கர் ஷைன் முக்கியமானவர். 1969இல் வெளிவந்த தம் நூலிலிருந்து தொடங்கி அவர் மூன்று வகை உறவுகளைப் பிரித்துக் காட்டினார். முதல் வகையில் நிறுவனம் தனக்கு வேண்டியதைத் தெளிவாக அறிந்து வல்லுநரிடம் வாங்குகிறது. இரண்டாம் வகையில் ஆலோசகர் மருத்துவரைப் போல நோயைக் கண்டறிந்து மருந்து எழுதுகிறார். மூன்றாம் வகையில் நிறுவனத்தினர் தங்கள் சிக்கலைத் தாங்களே கண்டு தீர்க்க ஆலோசகர் கூட இருந்து உதவுகிறார். தன் சிக்கல் என்ன என்பதை நிறுவனம் சரியாக அறிந்திருக்கிறது என்று முதல் வகை நம்புகிறது. எழுதிக் கொடுத்த மருந்தை நோயாளி உட்கொள்வார் என்று இரண்டாம் வகை நம்புகிறது. இவ்விரு நம்பிக்கைகளும் பெரும்பாலும் பொய்க்கின்றன என்பது ஷைனின் அனுபவம்.

நடைமுறை அமைப்புகள் பலவும் முதல் வகையையே பின்பற்றி வந்துள்ளன. பிரிட்டனின் தன்னார்வலர் அமைப்பான வி.எஸ்.ஓ. 1958இல் தொடங்கியது, ஓய்வுபெற்ற ஜெர்மன் வல்லுநர்களை அனுப்பும் எஸ்.இ.எஸ். 1983இல் பான் நகரில் அமைந்தது. 2001இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் தோன்றிய டேப்ரூட் அறநிறுவனம், வழக்கறிஞர்களிடம் வேரூன்றியிருந்த கட்டணமில்லாப் பணி மரபை விளம்பரம், மனிதவளம், தகவல் தொழில்நுட்பம் ஆகிய துறைகளுக்கு விரித்தது. இந்தியாவில் டாடா குழுமம் 2014 முதல் நடத்தும் புரோஎங்கேஜ் திட்டத்தில் ஊழியர்கள் ஆறு மாதங்கள் வரை தங்கள் ஓய்வு நேரத்தைத் தொண்டு நிறுவனங்களுக்கு அளிக்கிறார்கள். இத்தகைய ஏற்பாடுகள் வேலையின் எல்லையையும் காலத்தையும் முன்கூட்டியே வரையறுப்பது நல்ல பழக்கம். ஆனால் வரையறுக்கும் வேலையே கடினமானது என்பதும், அதற்கே ஓரளவு திறன் வேண்டும் என்பதும் இவற்றின் விளம்பரங்களில் அடிபட்டுப்போகின்றன.

3. மதுரை: வாங்கத் தெரிந்த நிறுவனம்

வெளித்திறனை ஒரு தொண்டு நிறுவனம் எப்படி உள்வாங்க முடியும் என்பதற்கு நம் ஊரிலேயே நன்கு பதிவான சான்று இருக்கிறது. மருத்துவர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்று, 1976இல் மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தங்கை நாச்சியார், அவர் கணவர் நம்பெருமாள்சாமி, தம்பி சீனிவாசன் எனக் குடும்பமே அதன் முதல் பணியாளர் குழு. பார்வையிழப்பில் பெரும்பகுதி கண்புரையால் வருவது, அறுவை சிகிச்சையால் தீரக்கூடியது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். மருத்துவத் திறன் அவர்களிடம் நிறைய இருந்தது. இல்லாதவை வேறு.

பெரியம்மை ஒழிப்பில் உலக சுகாதார நிறுவனத்தோடு பணியாற்றிய லாரி பிரில்லியன்ட், நிக்கோல் கிராசே உள்ளிட்டோர் 1978இல் அமெரிக்காவில் சேவா அறநிறுவனத்தைத் தொடங்கினர். வெங்கடசாமிக்கு அதனோடு ஆரம்பம் முதலே உறவு இருந்தது. அதன் வழியாக மதுரைக்கு வந்தவர்களில் டேவிட் கிரீன் தனியே கவனிக்க வேண்டியவர். அவர் கண் மருத்துவர் அல்லர். 1980களில் கண்புரை அறுவைக்குப் பின் கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் பொருத்தும் முறை பணக்கார நாடுகளில் வழக்கமாகிவிட்டது. ஏழை நாடுகளிலோ புரையை எடுத்துவிட்டுத் தடித்த கண்ணாடி கொடுத்து அனுப்பினார்கள். லென்ஸ் ஒன்றின் விலை 100 டாலரையும் தாண்டியதால், ஏழைகளுக்கு அது கட்டுப்படியாகாது என்பதே பன்னாட்டு வல்லுநர் பலரின் கருத்து. அமெரிக்க உற்பத்தியாளர்களிடம் லென்ஸ்களை நன்கொடையாகக் கேட்டு வாங்கி மதுரைக்குச் சேர்ப்பதில் கிரீன் முதலில் ஈடுபட்டார்.

நன்கொடை லென்ஸ் எத்தனை நாளைக்கு வரும்? அரவிந்தின் அறுவை எண்ணிக்கை ஆண்டுக்காண்டு ஏற, இரந்து பெறும் லென்ஸ் அதற்கு ஈடுகொடுக்க முடியாது என்பது தெளிவானது. சொந்தமாகத் தயாரிக்கலாம் என்ற முடிவு அங்கேதான் பிறந்தது. அமெரிக்காவிலிருந்து தொழில்நுட்பம் பெறப்பட்டது. 1992இல் ஆரோலேப் என்னும் உற்பத்தி நிறுவனம் தொடங்கியது. லென்ஸின் விலை 10 டாலருக்குக் கீழே வந்தது. இன்று அந்நிறுவனம் 100க்கும் மேற்பட்ட நாடுகளுக்குத் தன் பொருள்களை ஏற்றுமதி செய்கிறது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விலையோடு நின்றுவிடுகிறார்கள். ஆய்வுக்கு அதைவிட முக்கியமானது திறன் கைமாறிய விதம். கிரீன் கொண்டுவந்தது ஓர் அறிக்கையன்று. தொழில்நுட்பம் யாரிடம் கிடைக்கும், என்ன விலைக்குக் கிடைக்கும், தரச்சான்றுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தேடிப் பேசி முடிக்கும் நீண்ட வேலை அது, ஆண்டுக்கணக்கில் நடந்தது. அதை ஏற்றுக்கொள்ள மதுரையில் ஆட்கள் இருந்தார்கள். கல்கத்தா ஐ.ஐ.எம்.மில் படித்த ஆர்.டி. துளசிராஜ் 1980களின் தொடக்கத்திலேயே நிர்வாகத்துக்கு வந்துவிட்டார். நாளொன்றுக்கு எத்தனை அறுவை, எந்தக் கண் சிகிச்சை முகாமிலிருந்து எத்தனை பேர், எந்த மருத்துவர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் அங்கே ஏற்கெனவே இருந்தது. லென்ஸ் தயாரிப்பில் அமர்த்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்போடு வந்த இளம்பெண்கள். வெளிநாட்டு வல்லுநரின் தலைக்குள் இருந்த அறிவு இவர்களின் கைப்பழக்கமாக மாறியபோதுதான் அது நிறுவனத்தின் சொத்தானது. அதற்குப் பிறகு எந்த வல்லுநர் விலகிப்போனாலும் உற்பத்தி நிற்காது.

ஒரு மறுப்பை இங்கே கருத வேண்டும். கிரீனைத் தன்னார்வலர் என்ற சிறு வட்டத்துக்குள் அடைக்க முடியுமா, அவர் சேவாவின் சார்பில் வந்தவர்தானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. சம்பளம் எங்கிருந்து வந்தது என்பதைவிட, அவருடைய வேலையின் அளவையும் திசையையும் யார் தீர்மானித்தார் என்பதே இங்கே எனக்குப் பொருளுடையதாகப் படுகிறது. லென்ஸ் வேண்டும் என்பது மதுரையின் தேவை. வந்த உதவி அந்தத் தேவைக்குக் கீழ்ப்பட்டே நின்றது.

ஆரோலேப் தொடங்கிய அதே 1992இல், லயன்ஸ் இயக்கத்தின் துணையோடு அரவிந்த் தன் பயிற்சி, ஆலோசனை நிறுவனமான லைக்கோவையும் நிறுவியது. அது இதுவரை சுமார் 30 நாடுகளில் 300க்கும் மேற்பட்ட கண் மருத்துவமனைகளோடு பணியாற்றியிருக்கிறது. உதவி பெறும் மருத்துவமனையின் செலவைப் பெரும்பாலும் மூன்றாம் தரப்பு அறநிறுவனங்கள் ஏற்கின்றன. முதலில் லைக்கோவின் ஆட்கள் அந்த மருத்துவமனைக்குப் போய் நிலவரம் அறிகிறார்கள். பிறகு மருத்துவர், நிர்வாகி, செவிலியர் எனப் பொறுப்பில் இருப்பவர்கள் குழுவாக மதுரைக்கு வந்து, ஒரு வாரம் இருந்து, தங்கள் திட்டத்தைத் தாங்களே வகுக்கிறார்கள். சில மாதங்கள் கழித்துத் தொடர்பார்வை நடக்கிறது. திட்டத்தை எழுதுவது ஆலோசகர் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆலோசனை பெற்று வளர்ந்த ஒரு நிறுவனம், பிறருக்கு ஆலோசனை தரும் முறையை வகுத்தபோது ஷைனின் மூன்றாம் வகைக்கு மிக அருகில் வந்து நின்றது.

4. முட்டம்: திருத்தப்பட்ட வல்லுநர்

அரவிந்தைப் போல வலிமையான நிறுவனங்களுக்கு எதுவும் கைகூடும், எளியவர்களுக்கு என்ன வழி என்று கேட்பவர்களுக்குக் குமரி மாவட்டத்து முட்டம் கடற்கரையைக் காட்டலாம். கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் படகு கட்டும் மையத்தில் பெல்ஜிய நாட்டுப் பொறியாளர் பியர் ஜிலே 1970களிலும் 80களிலும் பணியாற்றினார். கட்டுமரத்துக்கு ஏற்ற மரம் அருகிவந்த காலம். அலை மோதும் கரையில் இறக்கி ஏற்றக்கூடிய, மீனவரால் வாங்கக்கூடிய படகு வேண்டும். பிரிட்டனின் இடைநிலைத் தொழில்நுட்ப அமைப்பும் இதில் துணைநின்றது. பிளைவுட் படகுகள் அங்கே உருவாகின. ஜிலே தம் அனுபவத்தை 1985இல் நூலாக எழுதியபோது அதற்குச் சிறியது கடினமானது என்னும் பொருள்படும் தலைப்பை வைத்தார். சிறியதே அழகு என்ற ஷூமாக்கரின் புகழ்பெற்ற நூல்தலைப்புக்கு அனுபவம் சொன்ன பதில் அது.

அந்தத் தலைப்பில் ஒரு நேர்மை இருக்கிறது. வல்லுநரின் கணக்கில் சரியாக மிதக்கும் படகு, மீனவரின் கையில் சரியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கரையேற்றும்போது எடை, வலை இழுக்கும்போது நிற்குமிடம், அலையைக் கடக்கும்போது முகப்பின் உயரம் ஆகியவற்றையெல்லாம் அன்றாடம் கடலுக்குள் போகிறவர்தான் சொல்ல முடியும். வெளிப்பொருத்து எஞ்சின் பரவியபோது தேவையே மாறிப்போனது. படகும் அதோடு மாறியது. பிற்பாடு தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு படகுத் தளங்களைத் தானே நடத்தியது. மீனவரின் சொந்த அமைப்புக்கு அந்த அறிவு வந்துசேர்ந்ததன் மதிப்பு 2004 ஆழிப்பேரலைக்குப் பின் வெளிப்பட்டது. படகைப் பற்றி எதுவும் அறியாத நிறுவனங்கள் பல, நல்லெண்ணத்தோடு தரம் குறைந்த ஃபைபர் படகுகளைக் கொடுத்துக் கரையை நிரப்பிய நாட்களில், எந்தப் படகு எந்தக் கரைக்கு ஏற்றது என்று சொல்லும் தகுதியோடு ஒரு மீனவர் அமைப்பு இருந்தது.

5. சர்வோதயம்: எதிர்ச் சான்று

இனி மறுபக்கம். இலங்கையின் சர்வோதய சிரமதான இயக்கம், கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியரான ஏ.டி. ஆரியரத்ன 1958இல் மாணவர்களைப் பின்தங்கிய கிராமம் ஒன்றுக்கு அழைத்துச் சென்று உடலுழைப்பைத் தானமாக அளித்ததில் தொடங்கியது. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான கிராமங்களுக்குப் பரவியது. 1980களின் நடுவில் அதன் வெளிநாட்டு நன்கொடையாளர்கள் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்தார்கள். நிதியோடு கூடவே மேலாண்மை முறைகளும், எண்ணால் அளக்கத்தக்க இலக்குகளும், மதிப்பீட்டுக் குழுக்களும் வந்தன.

சர்வோதயத்தை உள்ளிருந்து அறிந்த ஜெகான் பெரேரா, இந்த உறவைப் பற்றி 1995இல் எழுதிய கட்டுரையில் அதைச் சமனற்ற உரையாடல் என்று குறித்தார். ஓர் இயக்கம் என்ற தன்மையிலிருந்து, ஒப்பந்தப்படி சேவை வழங்கும் அமைப்பு என்ற தன்மைக்கு நகரும்படி சர்வோதயம் நெருக்கப்பட்டது, உறவு கசந்தது, நிதி குறைந்தது, பணியாளரைக் குறைக்க நேர்ந்தது. நன்கொடையாளர் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. அவ்வளவு பெரிதாக வளர்ந்த அமைப்பில் கணக்கும் திட்டமிடலும் இறுக வேண்டியது உண்மையே. ஆனால் ஆலோசனை எந்தக் கையிலிருந்து வந்ததோ, அதே கையில்தான் பணப்பையும் இருந்தது. வேண்டாம் என்று சொல்லும் உரிமை இல்லாதவருக்குத் தரப்படும் ஆலோசனை, கட்டளைக்கு இன்னொரு பெயராகிவிடுகிறது.

சர்வோதயத்துக்கு வந்த ஆலோசகர்கள் தன்னார்வலர்கள் அல்லர். ஆயினும் இச்சான்று நம் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துகிறது. இன்று இந்தியாவில் தன்னார்வ ஆலோசகரை ஒரு தொண்டு நிறுவனத்துக்கு அனுப்புவது பல சமயம் அதற்கு நிதி தரும் அதே கம்பெனிதான். நிதி தருபவரின் ஊழியர் ஆலோசகராக வந்து அமரும்போது செயலாளர் தன் கணக்கின் ஓட்டைகளை அவரிடம் திறந்து காட்டுவாரா? மாட்டார். நோயை மறைத்துக்கொண்டு மருத்துவரிடம் போகிற நிலை அது. நிதி தருபவரும் ஆலோசகரை அனுப்புபவரும் வேறு வேறாக இருப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

6. அளந்து பார்த்த ஓர் ஆய்வு

இதுவரை சொன்னவை தனிச் சான்றுகள். ஆலோசனையால் நிலையான மாற்றம் வருகிறதா என்று கட்டுப்பாட்டுக் குழு வைத்து அளந்த ஆய்வுகளில் சிறந்தது இலாப நோக்குள்ள துறையில் நடந்தது. பொருளியலாளர் நிக்கோலஸ் ப்ளூமும் அவர் சகாக்களும் மும்பைக்கு அருகிலுள்ள நெசவாலைகளுக்குப் பன்னாட்டு ஆலோசனைக் கம்பெனியின் சேவையை இலவசமாக அளித்து, விளைவை 2013இல் வெளியிட்டார்கள். 17 நிறுவனங்கள், 28 ஆலைகள். ஒரு பகுதிக்கு ஒரு மாத ஆய்வறிக்கை மட்டும் கிடைத்தது. இன்னொரு பகுதிக்கு அதோடு நான்கு மாதங்கள் கூடவே இருந்து நடைமுறைப்படுத்தும் உதவியும் கிடைத்தது. கூட இருந்து உதவிய ஆலைகளில் முதல் ஆண்டிலேயே உற்பத்தித் திறன் 17 விழுக்காடு உயர்ந்தது.

இந்த எண் எல்லா மேடைகளிலும் எடுத்துக்காட்டப்படுகிறது. நமக்கு அதைவிடப் பயன்படுபவை வேறு இரண்டு செய்திகள். இலவசம் என்று அறிவித்தும், அணுகப்பட்ட 66 நிறுவனங்களில் 17 மட்டுமே முழுமையாக இணங்கின. ஆலோசனை இலவசமாகலாம்; அதைப் பெறுவதற்காக முதலாளியும் மேலாளரும் கொடுக்க வேண்டிய நேரம் இலவசமாகாது. இரண்டாவது, ஏறத்தாழ எட்டு, ஒன்பது ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, ஏற்றுக்கொண்ட நடைமுறைகளில் சுமார் பாதி கைவிடப்பட்டிருந்தன. மேலாளர் மாறிப்போனது அதற்கு ஒரு காரணம், உரிமையாளரால் நேரம் ஒதுக்க முடியாமல் போனது இன்னொன்று. இருந்தும் உதவி பெற்ற ஆலைகளுக்கும் பெறாதவற்றுக்கும் இடையே வேறுபாடு நிலைத்தே இருந்தது.

நெசவாலைக்குப் பொருந்துவது தொண்டு நிறுவனத்துக்கு அப்படியே பொருந்தாது. ஆலையில் குறைந்த பழுதும் மிஞ்சிய நூலும் கண்ணுக்குத் தெரியும். குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் மையத்தில் முன்னேற்றத்தை அவ்வாறு எண்ண முடியாது. ஆனால் ஆள் மாறினால் முறை போய்விடும் என்ற கண்டுபிடிப்பு, குறைந்த சம்பளத்தால் பணியாளர் அடிக்கடி விலகும் தொண்டுத் துறைக்கு ஆலையைவிடக் கூடுதலாகவே பொருந்தும்.

7. வாங்கும் கை

மேற்கண்ட சான்றுகளைச் சேர்த்துப் படித்தால், எந்த வகைத் தன்னார்வ ஆலோசனை எளிதில் பயன் தரும் என்பது ஓரளவு புலப்படுகிறது. முடிவு தெளிவாகத் தெரிந்த, ஒருமுறை செய்து முடித்தால் போதுமான வேலைகளில் ஆபத்து குறைவு. ஆண்டுக் கணக்கைச் சரிபார்த்துத் தரும் ஆடிட்டர், நிலப் பத்திரத்தைப் படித்துச் சொல்லும் வழக்கறிஞர், கட்டடத்தின் விரிசலைப் பார்க்கும் பொறியாளர் போன்றோர் நெடுங்காலமாக நம் சிற்றூர்களில் சத்தமில்லாமல் இந்த உதவியைச் செய்துவருகிறார்கள். அவர்களைத் தன்னார்வ ஆலோசகர் என்று யாரும் அழைப்பதில்லை. ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் மாதம் ஒருமுறை வந்து ரொக்கப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாலே ஒரு சிறிய இல்லத்தின் நிதி ஒழுங்கு மாறிவிடும்.

நிறுவனத்தின் திசையையே தொடும் வேலைகள் வேறு வகை. எந்தத் திட்டத்தை நிறுத்துவது, எந்த மாவட்டத்துக்கு விரிவது, அடுத்த தலைமை யார் என்பன போன்ற கேள்விகளில், மூன்று மாதம் வந்துபோகும் ஒருவர் சொல்லும் விடையின் விளைவை அவர் சுமக்கப்போவதில்லை. களப்பணியாளர் சுமப்பார்; பயனாளி சுமப்பார். இத்தகைய கேள்விகளில் ஆலோசகர் கேள்வி கேட்கலாம், தரவைத் தொகுத்துக் கொடுக்கலாம், வேறு நிறுவனங்கள் செய்ததைச் சொல்லலாம். முடிவு உள்ளிருப்பவர்களுடையதாகவே இருக்க வேண்டும்.

இரண்டு வகைக்கும் பொதுவான நிபந்தனை ஒன்று உண்டு. ஆலோசகரோடு கூடவே உட்கார்ந்து கற்றுக்கொள்ளும் ஒரு பணியாளரைப் பெயர் சொல்லி நியமித்து, அவருடைய வழக்கமான வேலையில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும். முடிந்தால் இருவரை நியமிப்பது மேல். ஒருவர் விலகினாலும் முறை தங்கும். இதைச் செய்ய முடியாத நிலையில் உள்ள நிறுவனம், உதவியை ஒத்திப்போடுவதே நல்லது. வேண்டாம் என்று சொன்னால் நல்ல மனிதரின் மனம் நோகுமே என்ற தயக்கம் நம் ஊரில் மிகுதி. ஆனால் பயன்படாத மென்பொருளும், யாரும் திறக்காத வியூக அறிக்கையும், அவற்றுக்காகக் களப்பணியாளர்கள் நிரப்பிய படிவங்களும் அந்தத் தயக்கத்தின் விலை. அந்த விலையைக் கொடுப்பது செயலாளர் மட்டும் அல்லர். அன்று வீடுவீடாகப் போயிருக்க வேண்டிய பணியாளரின் பகல்பொழுதும் அதில் சேர்ந்தே போகிறது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். தகவல் பாதுகாப்பு. எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களின் பட்டியல், வன்முறையிலிருந்து தப்பி வந்த பெண்ணின் முகவரி, குழந்தைகள் இல்லத்தின் கோப்புகள் ஆகியவற்றை, தரவு மேலாண்மையைச் சீராக்க வந்த தன்னார்வலரின் மடிக்கணினியில் ஏற்றிவிடுவது மன்னிக்க முடியாத அலட்சியம். சம்பளம் வாங்கவில்லை என்பதால் ஒருவர் ஒப்பந்தத்துக்கு அப்பாற்பட்டவராக ஆகிவிடுவதில்லை. எழுத்துப்பூர்வமான உடன்பாடு, இரகசியக் காப்பு, முடிவுத் தேதி மூன்றும் கட்டணமில்லா உதவிக்கும் வேண்டும்.

8. சட்டம் தள்ளிவிட்ட சுமை

கொடுக்க வேண்டிய பணத்தைக் கொடுக்காததற்குத் தன்னார்வ ஆலோசனை சாக்காகிறதா என்று இரண்டாம் பகுதியில் நிறுத்திவைத்த கேள்விக்கு இப்போது வருகிறேன். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135ஆம் பிரிவின் கீழ் வரும் கம்பெனிகள் தங்கள் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. ஊழியர்கள் தன்னார்வமாக அளிக்கும் நேரத்தைப் பணமாக மதிப்பிட்டு அந்தச் செலவில் சேர்க்கக் கூடாது என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2021இல் வெளியிட்ட விளக்கம் கூறுகிறது. இது சரியான முடிவு. சேர்க்க விட்டிருந்தால், ஓர் உயர் அதிகாரியின் சனிக்கிழமைப் பேச்சுக்குப் பெருந்தொகை எழுதப்பட்டு, கிராமத்துக்குப் போக வேண்டிய பணம் அந்த அளவுக்குக் குறைந்திருக்கும்.

ஆனால் இதே கவனம் வெளிநாட்டு நிதிச் சட்டத்தின் பக்கத்தில் இல்லை. தொழில்முறைக் கட்டணத்தை நிர்வாகச் செலவில் அடக்கி, அச்செலவுக்கு 20 விழுக்காடு என்ற கூரையையும் போட்டால், தகுதியான கணக்காளரையும் பயிற்றுநரையும் அமர்த்தும் ஆற்றல் பெரிய நிறுவனங்களுக்கே மிஞ்சும். சிறியவை தன்னார்வலரைத் தேடும். தன்னார்வலர்களோ பெரும்பாலும் சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். உதவி தேவைப்படுபவை இராமநாதபுரத்திலும் தருமபுரியிலும் கல்வராயன் மலையிலும் இருக்கின்றன. வேலைநாள் முழுக்க ஆங்கிலத்தில் சிந்தித்துப் பழகிய வல்லுநர் எழுதித் தரும் கையேட்டை, தமிழில் மட்டுமே படிக்கும் களப்பணியாளர் பயன்படுத்த முடியாது. உதவி பெறும் வாய்ப்பு, ஆங்கிலம் தெரிந்த செயலாளரைக் கொண்ட நிறுவனங்கள் பக்கமே சாய்கிறது.

இதற்குத் தன்னார்வலர்களைக் குறை சொல்வது நியாயமாகாது. அவர்கள் கொடுக்க முன்வருவதைக் கொடுக்கிறார்கள். மாற வேண்டியவை இரண்டு. தொண்டு நிறுவனத்தின் கணக்குப் பயிற்சிக்கும் தகவல் முறைகளுக்கும் பணியாளர் கல்விக்கும் ஆகும் செலவை நிர்வாகச் செலவு என்ற வேலியிலிருந்து விடுவித்து, திட்டச் செலவாக ஏற்க வேண்டும். நன்கொடையாளர்களும் தங்கள் ஒப்பந்தங்களில் அதற்கு இடம் ஒதுக்க வேண்டும். அடுத்து, ஊழியரை ஆலோசகராக அனுப்பும் கம்பெனிகள், அவரோடு உட்காரப்போகும் உள்ளூர்ப் பணியாளரின் ஆறு மாதச் சம்பளத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வல்லுநரின் பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது பெரும்பாலும் சிறிய தொகைதான். அந்தத் தொகை ஒதுக்கப்படாத இடத்தில் கற்றுக்கொள்ள வேண்டியவர், தன் வழக்கமான வேலையை முடித்துவிட்டு இரவு எட்டு மணிக்கு மேல்தான் ஆலோசகரோடு உட்கார்கிறார்.